ரேந்தை பின்னிய கைகள்

லேஸ் என்று இன்று எல்லோரும் சொல்லும் பொருளுக்குத் தமிழில் ரேந்தை என்ற பழைய பெயர் ஒன்று உண்டு. போர்த்துக்கீசிய மொழியின் 'ரெந்தா' என்ற சொல்தான் இப்படி மாறி வந்தது. சட்டைக் கழுத்திலும் பாவாடை ஓரத்திலும் அழகுக்காக வைக்கும் இந்தச் சின்னப் பொருளுக்குத் தென் தமிழ்நாட்டில் ஒரு பெரிய கதை இருக்கிறது.

நாகர்கோவிலில் தொடக்கம்

லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அது அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். அந்த ஆண்டில்தான் அங்கே பெண் குழந்தைகளுக்கான பள்ளியும் தொடங்கியது. மார்த்தா 1821 வாக்கில் அந்த மாணவிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்தார். பகலில் ஒரு பகுதி எழுத்தும் கணக்கும், இன்னொரு பகுதி ஊசியும் நூலும். சாதாரணத் தையல், துணியில் பூவேலை, ரேந்தை என்று ஒரே பெண் இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்தே பழகினாள்.

ரேந்தை எப்படிப் பின்னுவது?

கெட்டியான ஒரு தலையணை வேண்டும். அதன் மேல் துளையிட்ட மாதிரி அட்டையைக் குத்தி வைப்பார்கள். நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். கையசைவு இரண்டே வகைதான்: ஒன்று நூல்களைக் குறுக்கே மாற்றுவது, மற்றது முறுக்குவது. பின்னிய இடத்தில் குண்டூசி குத்தினால் நூல் அப்படியே நிற்கும்.

அந்தக் குண்டூசியில்தான் விஷயமே இருக்கிறது. கம்பியில் பின்னும் ஸ்வெட்டரைப் பாதியில் கவனமில்லாமல் வைத்தால் கண்ணி நழுவிவிடும். ரேந்தையில் அந்தப் பயம் குறைவு. அடுப்பில் உலை கொதித்தாலோ பிள்ளை அழுதாலோ தலையணையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் போகலாம். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். ஒரு நாளில் கொஞ்சம்தான் நீளும் என்றாலும், நீண்டது நீண்டதுதான். பல வேலைகளை ஒன்றாக இழுத்துக்கொண்டு போக வேண்டிய பெண்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் ஏது?

இடையன்குடிக்கு வந்த கதை

மார்த்தாவின் மகள் எலைசா நாகர்கோவிலில் வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். 1844-ல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். 1856-ல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான். கணவர் சொற்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்த ஊரில், மனைவி பெண்களுக்குப் பள்ளி வைத்து ரேந்தை கற்றுக் கொடுத்தார்.

இடையன்குடி செம்மண் தேரியும் பனைமரமுமான ஊர். பதனீர் காலத்தில் ஆண்கள் மரம் ஏறுவார்கள், பெண்கள் பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார்கள். அந்த சீசன் முடிந்தால் வருமானம் இல்லை. ரேந்தைக்கு சீசன் கிடையாது. கருப்பட்டிப் பானையும் ரேந்தைத் தலையணையும் ஒரே வீட்டில் இருக்க முடிந்தது இதனால்தான்.

யாருக்கு என்ன கிடைத்தது?

ரேந்தை விற்ற பணம் பள்ளிகளை நடத்த உதவியது. பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-ல்தான் முழுமையாக ஒழிந்தது. அதற்கு முன்பே அடிமைப் பெண்கள் சிலர் ரேந்தைக் கூலியைச் சேர்த்து வைத்துத் தங்கள் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார்கள் என்று மிஷன் வரலாறுகள் சொல்கின்றன. அங்குலம் அங்குலமாகப் பின்னி ஒரு உயிரை மீட்பது என்றால் எத்தனை பொறுமை வேண்டும்!

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. வெள்ளைக்காரச் சீமாட்டிகளின் கழுத்துக்கு அழகு சேர்த்த ரேந்தையைப் பின்னியவர்களில் பலர், மேலாடை அணியவே போராட வேண்டியிருந்த சமூகங்களின் பெண்கள். நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல்தான் நாடார் பெண்கள் எல்லோரும் மேலாடை அணியலாம் என்று சமஸ்தானம் அறிவித்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை போடப்பட்டது.

இன்னொரு பக்கம் இங்கிலாந்தைப் பாருங்கள். 1809-ல் ஜான் ஹீத்கோட் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். கையால் பின்னியவர்களின் பிழைப்பு அங்கே ஆட்டம் கண்டது. 1816-ல் அவருடைய தொழிற்சாலை இயந்திரங்களை லுட்டைட் இயக்கத்தினர் உடைத்தார்கள். 1840-ல் விக்டோரியா ராணியின் திருமண உடைக்கு டெவன் பகுதியின் கைப்பின்னல் லேஸையே வைத்தார்கள். நலிந்த தொழிலுக்குக் கை கொடுப்பதும் அதன் நோக்கம். அங்கே மங்கிக்கொண்டிருந்த கைவேலை இங்கே வளர்ந்ததற்குப் பெண்களின் திறமை ஒரு காரணம், கூலி மலிவு மற்றொரு காரணம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு முழுமையாகும்.

இன்றைக்கு

இந்தக் கதை பழங்கதை ஆகிவிடவில்லை. பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கம் பல வீடுகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். சமையலுக்கு நடுவே கொஞ்சம், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கொஞ்சம். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. பொருள்தான் வேறு, விட்டு விட்டுத் தொடரும் அந்த முறை ஒன்றுதான்.

வீட்டில் இருந்தபடியே செய்வதால் இதைப் பொழுதுபோக்கு என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ரேந்தையின் வரலாறு அதை மறுக்கிறது. பள்ளிக்கூடம் நடந்ததும் கடன் அடைந்ததும் சிலர் விடுதலை பெற்றதும் இந்தச் சிறு வேலைகளால்தான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். தென்சீமைப் பெண்கள் அந்த அம்மியை நூலால் நகர்த்தியிருக்கிறார்கள்.