வானியலில் பெண்கள்: தமிழகம்

விண்மீன்களில் மனம் தோய்ந்த பெண் என்றதும் உலகக் கதைகள் அரண்மனைக்குப் போய்விடும். கொரியாவின் சில்லா நாட்டை 632 முதல் 647 வரை ஆண்ட அரசி சொன்டொக், சிறுமிப் பருவத்திலேயே வானத்தை ஆராய்ந்தவர் என்று கதை சொல்வார்கள். கியோங்ஜு நகரில் நிற்கும் சொம்சொங்டே என்ற சுமார் 9 மீட்டர் உயரக் கற்கோபுரம் அவர் காலத்தது என்பது மரபு. நம் குற்றாலத்தின் இலக்கிய நாயகி வசந்தவல்லியோ, திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில், நிலவை நிமிர்ந்து பார்ப்பது ஏசுவதற்காகத்தான். தமிழகத்தில் இந்த வரலாறு தொடங்குவது ஓர் அரசு அலுவலகத்தில்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறித்தது, வானிலை மைய வளாகத்தில் இன்றும் உண்டு. அங்கே 1861இல் பொறுப்பேற்றவர் நார்மன் போக்சன். அவர் 1856இல் கண்டுபிடித்த 42ஆம் குறுங்கோளுக்கு மகள் ஐசிஸின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. அப்போது குழந்தைக்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. 1873இல் ஐசிஸ் அதே வானாய்வகத்தில் 150 ரூபாய் சம்பளத்தில் கணக்கிடுபவராகச் சேர்ந்தார். தொலைநோக்கியில் உள்ள கம்பியை விண்மீன் கடக்கும் நொடியை இரவில் குறித்துவைப்பார்கள். கடிகாரப் பிழையையும், காற்று மண்டலம் ஒளியை வளைப்பதால் வரும் பிழையையும் கழித்து அதன் சரியான இடத்தைக் காண்பது கணக்கிடுபவர் வேலை. ஒரு விண்மீன் அட்டவணையின் நம்பகம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

1881 முதல் சென்னை மாகாணத்தின் வானிலைப் பொறுப்பும் ஐசிஸுக்கு வந்தது. 1886இல் லண்டன் ராயல் வானியல் கழக உறுப்பினராக அவர் பெயரைத் தந்தை முன்மொழிந்தார். சாசனம் பெண்களுக்கு இடம் தரவில்லை என்று வழக்கறிஞர்கள் சொல்லிவிட, பெயர் திரும்பப் பெறப்பட்டது. கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது 1920இல். அவருக்கு வயது 68.

1899இல் வானியல் பணி கொடைக்கானலுக்கு நகர்ந்தது. அங்குள்ள ஆய்வகத்தின் இயக்குநராகப் பின்னர் உயர்ந்த ஜான் எவர்ஷெட்டை மணந்து வந்த மேரி எவர்ஷெட், சூரிய விளிம்பில் எழும் தீப்பிழம்புகளை ஆராய்ந்தார். தாந்தேயின் வானியல் பற்றி 1913இல் ஒரு நூலும் வெளியிட்டார். ஐசிஸ் தந்தையின் வழியாகவும் மேரி கணவரின் வழியாகவும் ஆய்வகத்துக்குள் வந்தவர்கள். திறமை இருந்தும் உள்ளே நுழைய ஓர் ஆண் உறவு வேண்டியிருந்தது.

அந்தத் துணையில்லாமல் வந்தவர் குற்றாலத்தை அடுத்த செங்கோட்டையின் நிகர் ஷாஜி. கணிதப் பட்டதாரியான தந்தை விருப்பத்தோடு விவசாயம் பார்த்தவர். உள்ளூர்ப் பெண்கள் பள்ளியில் படித்து, திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியலும், ராஞ்சி அருகே மெஸ்ராவில் முதுகலையும் முடித்து, 1987இல் இஸ்ரோவில் சேர்ந்தார். ரிசோர்ஸ்சாட்-2ஏ செயற்கைக்கோளின் இணைத் திட்ட இயக்குநராக இருந்து, பின்னர் சூரியனை ஆராயும் விண்கலமான ஆதித்யா எல்-1இன் திட்ட இயக்குநரானார். பரிசுப் பட்டியல்களைவிட இந்தப் பாதையே சொல்லத்தக்கது. குற்றாலத்தைச் சுற்றியுள்ள எந்தப் பள்ளி மாணவியும் நடக்கக்கூடிய பாதை இது.

ஆதித்யா 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டு, 2024 ஜனவரி 6 அன்று பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவிலுள்ள எல்-1 புள்ளியைச் சுற்றும் பாதையில் அமர்ந்தது. அங்கே பூமியோ நிலவோ சூரியனை மறைப்பதில்லை. கொடைக்கானலில் இரவு உண்டு. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் அங்கும் மேகம் குறுக்கிடும். விண்கலத்தின் ஏழு கருவிகளில் முதன்மையானது, சூரிய வட்டை மறைத்துவிட்டு அதைச் சூழ்ந்த ஒளிவளையத்தை மட்டும் பார்க்கும். முழுச் சூரிய கிரகணத்தில் சில நிமிடங்களே தெரியும் காட்சி அது. அந்தக் கருவியை உருவாக்கியது பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம். கொடைக்கானல் ஆய்வகம் இன்று அதன் கையில்தான் இருக்கிறது. ஐசிஸ் வேலை பார்த்த சென்னை வானாய்வகத்தோடுதான் அந்த நிறுவனம் தன் வரலாற்றையும் இணைக்கிறது. 178 நாட்கள் எடுத்த முதல் சுற்றை ஆதித்யா 2024 ஜூலை 2 அன்று முடித்தது.