பியானோவும் தொடக்ககாலச் சொனாட்டாக்களும்

புதிய இசைக்கருவி ஒன்று தோன்றியவுடன் அதற்குரிய இசையும் தோன்றிவிடுவதில்லை. இதற்குப் பியானோவின் வரலாறு தக்க சான்றாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய அரண்மனைகளில் ஹார்ப்சிகார்டு கோலோச்சியது. அதன் கட்டையை அழுத்துங்கால் சிறு இறகுமுனை தந்தியை மீட்டும்; எத்துணை வலிந்து அழுத்தினும் ஓசை ஏறக்குறைய ஒரே அளவினதே. கிளாவிகார்டிலோ விரலின் அழுத்தத்திற்கேற்ப ஓசை ஏறியிறங்கும். ஆயினும் அது சிற்றறைக்கே போதுமானது. ஃபிளாரன்ஸ் நகரில் மெடிசி இளவரசரிடம் பணியாற்றிய பார்த்தலோமேயோ கிறிஸ்தோஃபோரி, சிறு சுத்தியல்கள் தந்தியைத் தட்டி உடனே விலகும் பொறியமைப்பை உருவாக்கினார். 1700ஆம் ஆண்டு அரண்மனைப் பட்டியலில் இக்கருவி இடம்பெற்றுள்ளது. மெல்லவும் உரக்கவும் ஒலிப்பது என்ற பொருள்தரும் இத்தாலியப் பெயரே பின்னர்ப் பியானோ எனச் சுருங்கிற்று.

ஆயினும் இக்கருவிக்கெனவே இயற்றப்பட்ட இசை அச்சேற 32 ஆண்டுகள் சென்றன. 1732இல் லொதோவிக்கோ ஜியுஸ்தீனி வெளியிட்ட 12 சொனாட்டாக்களே நாம் அறிந்தவற்றுள் முதலாவன. மெல்ல, உரக்க, இன்னும் மெல்ல என்னும் குறிப்புகளை அவற்றில் காணலாம். எனினும் அவரைப் பின்பற்றியோர் உடனடியாக எழவில்லை.

ஜெர்மனியில் இக்கருவிக்கு வழிவகுத்தவர் ஆலய ஆர்கன்களை அமைப்பதில் புகழ்பெற்ற காட்ஃபிரீட் சில்பர்மான். அவர் செய்த பியானோவை லைப்சிக் நகர ஆலய இசைத் தலைவரான யோஹான் செபாஸ்தியான் பாக் வாசித்துப் பார்த்தார். ஓசையைப் பாராட்டிய அவர், மேல்சுரங்கள் வலுவற்றவை என்றும், கட்டைகளை அழுத்துவது கடினம் என்றும் கூறினார். சில்பர்மான் நெடுநாள் மனத்தாங்கல் கொண்டிருந்தார். ஆயினும் கருவியைத் திருத்தும் முயற்சியை அவர் கைவிடவில்லை. திருத்திய கருவியைப் பாக் முழுமனதுடன் பாராட்டினார் என்று அவருடைய மாணவர் அக்ரிகோலா எழுதியுள்ளார். 1747இல் போட்ஸ்டாம் அரண்மனையில் இரண்டாம் ஃபிரெடெரிக் மன்னர் முன்னிலையில் பாக் வாசித்தவை சில்பர்மானின் பியானோக்களே.

அம்மன்னரின் அவையில் பணிபுரிந்த பாக்கின் மகன் கார்ல் ஃபிலிப் இமானுவேல், 1742இல் தம் பிரஷ்ய சொனாட்டாக்களை வெளியிட்டார். திடீர் மௌனங்களும் உணர்ச்சி மாற்றங்களும் நிறைந்த அவ்விசை, விரலின் மென்மையை உணரும் கருவியை வேண்டி நின்றது. ஆயினும் 1753இல் வெளிவந்த தம் நூலில், நல்ல பியானோவின் சிறப்பை ஒப்புக்கொண்ட அவர், கிளாவிகார்டை விட்டுக்கொடுக்கவில்லை. அவருடைய இளைய சகோதரர் யோஹான் கிறிஸ்டியானோ 1768இல் லண்டன் மேடையில் பியானோவைத் தனித்து வாசித்தார். 1777இல் ஆக்ஸ்பர்க் நகரில் ஸ்டைன் என்பவர் செய்த பியானோக்களை வாசித்த மோட்சார்ட், அவற்றை வியந்து தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார்.

இவ்வாறு பியானோ வேரூன்ற முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. கண்டுபிடித்தவரின் திறமை மட்டும் இதற்குப் போதவில்லை. குறையை மறைக்காது கூறிய இசைஞரும், மனம் புண்பட்டும் அக்குறையைத் திருத்திய கைவினைஞரும், பழையதன் அருமையை மறவாது புதிய இசையை இயற்றியவரும் இதில் பங்குபெற்றனர். புதியதை ஆராயாமல் தள்ளுவோரும், ஆராயாமல் தழுவுவோரும் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது நலம்.