அர்பத்நாட் சாத்திய கதவு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் தக்காளிக்கு விலை வைப்பது தக்காளி அல்ல, கேரளத்து லாரி. மலைக்கு அப்பால் ஓணம் வந்தால் இங்கே விலை ஏறும். அங்கே கடையடைப்பு என்றால் இங்கே கூடை கூடையாகத் தேங்கிக் கிடக்கும். விளைவித்தவன் ஒரு குற்றமும் செய்திருக்க மாட்டான். பணமும் இப்படித்தான் ஊர் விட்டு ஊர் போகிறது. ஆனால் தக்காளியைப் போல நாற்றமடித்து முன்கூட்டியே எச்சரிக்கும் நல்ல குணம் அதற்குக் கிடையாது.

சென்னையில் 1906-ஆம் வருஷம் நடந்ததைப் பாருங்கள். பாரி, பின்னி, அர்பத்நாட் என்ற மூன்று வெள்ளைக்காரக் கம்பெனிகளுக்கும் அன்று ராஜ மரியாதை. அர்பத்நாட்டில் பணம் போடுவது இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்குச் சமானம் என்று ஜனங்கள் நம்பினார்கள். ஆயுள் முழுவதும் சேர்த்ததை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

பெட்டி இங்கேதான் இருந்தது. பணம் இங்கே இல்லை. லண்டனில் கூட்டாளி மக்ஃபேடியன் ஒரு கம்பெனி நடத்தி வந்தார். சென்னைப் பணம் கப்பலேறி அவரிடம் போயிற்று. அவர் அதைச் சூதாட்டத்துக்குச் சமமான முதலீடுகளில் இறக்கினார். நஷ்டம் வந்தபோது கடனை வாங்கிக் கடனை அடைத்தார். கடன் கிடைக்கிறவரையில் இந்த வித்தை நடக்கும்.

அந்த ஏப்ரலில் அமெரிக்காவின் ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்தைப் பூகம்பமும் நெருப்பும் அழித்தன. இன்ஷூரன்ஸ் தொகைக்காக லண்டன் தங்கம் அட்லாண்டிக்கைக் கடந்தது. தங்கம் கரைவதைக் கண்ட இங்கிலாந்து பாங்க், அக்டோபர் 19-ஆம் தேதி வட்டியை 6 சதவிகிதமாக உயர்த்தியது. மக்ஃபேடியன் ரயிலின் முன் விழுந்து உயிரை விட்டார். அக்டோபர் 22-ஆம் தேதி சென்னையில் அர்பத்நாட்டின் கதவு சாத்தப்பட்டது.

பூகம்பம்தான் அர்பத்நாட்டைக் கவிழ்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. மரம் உள்ளுக்குள் எப்போதோ உளுத்துவிட்டது. ஆனால் உளுத்த மரம் எதுவென்று காட்டிக் கொடுப்பது காற்றுதானே? பணம் தாராளமாகப் புழங்கும் காலத்தில் யோக்கியனும் அயோக்கியனும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள்.

சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதம் கடுங்காவல் கிடைத்தது. போட்டவர்களுக்கோ போட்ட பணம் முழுசாகத் திரும்பவில்லை. அந்த வயிற்றெரிச்சலிலிருந்து ஒரு நன்மை பிறந்தது. வக்கீல் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முன்னின்றார்; நகரத்தார் கைகொடுத்தார்கள்; 1907 ஆகஸ்ட் 15-ஆம் தேதி இந்தியன் பாங்க் திறக்கப்பட்டது.

இரண்டே மாதத்தில், அக்டோபரில், நியூயார்க்கில் பெரும் பீதி கிளம்பிப் பணம் போட்டவர்கள் வாசல்களில் வரிசை நின்றார்கள். நம்மவர் பாங்க் என்பதற்காக உலகத்துக் காற்று ஒதுங்கிப் போய்விடாது. ஆனால், "என் பணம் இப்போது எந்த ஊரில், யார் கையில் இருக்கிறது?" என்று நம் பாஷையில் கேட்க ஓர் இடம் கிடைத்தது. அர்பத்நாட்டின் கம்பீரமான வாசலில் யாருக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி அது.