வந்தவாசிப் போரும் புளியங்கொட்டைகளும்

வந்தவாசிக் கோட்டையில் இன்று எஞ்சியிருப்பவை சிதைந்த சில மதில்களும் அகழியின் தடமும்தாம். 1760ஆம் ஆண்டு ஜனவரி 22 அன்று இவ்வூரின் புறத்தே அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதின. தென்னிந்தியாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முதுகெலும்பை முறித்த போர் அது. எங்கள் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒருவன் மாலைதோறும் கைபேசியில் போர் நடத்துகிறான். ஐரோப்பியத் துப்பாக்கிகளின் பெயர்களெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஒருநாள், "நம்ம ஊர்ச் சண்டையில யார் சார் ஜெயிச்சது?" என்று கேட்டான். சொன்னேன். "எப்படி ஜெயிச்சாங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்கு என்னிடம் பாடநூலின் இரண்டு வரிகளுக்கு மேல் ஒன்றுமில்லை. விளையாட்டைக் கொண்டு கற்பிப்பது குறித்து நான் தேடிப் படிக்கத் தொடங்கியது அந்த நாணத்தினால்தான்.

அதற்கும் சில ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் 'விளையாட்டு வழிக் கற்றல்' என்ற பெயரில் ஒரு மென்பொருளைக் காட்டினார்கள். திரையில் பலூன்கள் மிதந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு புலவர் பெயர். சிலப்பதிகாரத்தை இயற்றியவரின் பலூனை உடைத்தால் கைதட்டல் கேட்கும். தவறான பலூனை உடைத்தாலோ நட்டம் ஏதுமில்லை. ஆகவே எல்லாவற்றையும் உடைத்துக்கொண்டே போனால் போதும். மூன்றாம் கேள்வியில் நானே இதைக் கண்டுகொண்டேன். என் மாணவர்களுக்கு முதல் கேள்வியே போதும். பலூன் கட்டிய வினாத்தாள் அது.

வள்ளுவர் 'கல்லாமை' அதிகாரத்தின் முதற்குறளிலேயே, நிறைந்த நூலறிவின்றி அவையில் பேசத் துணிபவனைக் கட்டம் வரையாமல் வட்டாடுபவனுக்கு ஒப்பிடுகிறார். சூதினைக் கடிவதற்குத் தனி அதிகாரம் வகுத்தவர், கல்விக்கு உவமை தேடும்போது ஆட்டத்தின் அரங்கையே எடுத்தாள்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. அரங்கு என்பது வெறும் கோடுகள் அல்ல. எங்கே நிற்கலாம், எதை இழக்கலாம் என்னும் விதிகளின் தொகுதி. ஒரு விளையாட்டு எதையேனும் கற்பிக்குமாயின் அந்த விதிகளின் வழியேதான் கற்பிக்கிறது. மேலே ஒட்டிய பாடத்தின் வழியே அன்று. இந்த எண்ணம் சரிதானா என்று பார்க்க வரலாற்றில் நல்ல சான்றுகள் உண்டு.

வந்தவாசிப் போருக்குச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, 1780இல், ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்னும் ஆசிரியர் சதுரங்கத்தை விரித்து 1,617 கட்டங்கள் கொண்ட போராட்டம் ஒன்றை வெளியிட்டார். நால்வகைப் படையின் பெயர்தாங்கி இந்நாட்டில் பிறந்த ஆட்டம், ஐரோப்பாவில் மீண்டும் படைப்பயிற்சியாகத் திரும்பியது. ஆயினும் அதன் காய்கள் சொன்ன சொல்லைத் தட்டாதவை. அந்தக் குறையை நீக்கியது பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் 1824இல் அளித்த 'கிரீக்ஸ்ஷ்பீல்'. அதில் கட்டங்கள் இல்லை, நிலப்படம்தான். இரு தரப்பினரும் ஆணைகளை எழுதி நடுவரிடம் தர வேண்டும். தம் படையின் கண்ணுக்கு எட்டுவது மட்டுமே அவர்களுக்குச் சொல்லப்படும். தாக்குதலின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். பிரஷ்யப் படைத்தலைமையின் முதல்வராயிருந்த முஃப்லிங், இது விளையாட்டே அன்று, மெய்யான போர்ப்பள்ளி என்று வியந்து படைப்பிரிவுகளுக்குப் பரிந்துரைத்தார். அவர் வியந்தது எதனால்? ஆணையிடுவதற்கும் அது நிறைவேறுவதற்கும் இடையே உள்ள இருட்டை அந்த விதிகள் உணர்த்தின என்பதால்தான் என்று நான் கருதுகிறேன்.

நம் பரமபத சோபான படம் இதற்கு நேர்மாறான பயிற்சி. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடிய தலைமுறை இன்னும் இருக்கிறது. பாம்புகளில் பாவங்களின் பெயர், ஏணிகளில் புண்ணியங்களின் பெயர். ஆடுபவனுக்குத் தேர்வு ஏதுமில்லை. தாயம் விழுந்தபடி ஏற வேண்டும், இறங்க வேண்டும். எழுதப்பட்டிருப்பது அறம், விதி உணர்த்துவதோ மனிதனின் கையறுநிலையையும், கடைசிப் பாம்பு வரை எதுவும் உறுதியில்லை என்பதையும். இந்த ஆட்டம் 1890களில் இங்கிலாந்தில் அச்சாகியது. பாம்புகள் மிகுந்து ஏணிகள் குறைந்த பழைய படங்களின் கடுமை அங்கே தணிந்தது. காலப்போக்கில் அறப்பெயர்களும் உதிர்ந்தன. குழந்தைகளுக்கு எண்ணப் பழக்கும் அட்டையாக நம்மிடமே திரும்பி வந்தது. (என் பாட்டி அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, "பேர் இல்லாத பாம்பு கடிச்சா எதுக்குக் கடிச்சதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.)

கணினிக் காலத்திலும் இதே வழக்குதான் தொடர்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது சென்னையில், 1986இல்; டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். அந்நோயைப் பற்றி வாய்விட்டுப் பேசவே நாம் அஞ்சிய ஆண்டுகள் அவை. 2005ஆம் ஆண்டு உலக எய்ட்ஸ் தினத்தன்று தில்லியின் இசட்.எம்.கியூ. நிறுவனம் பொத்தான் கைபேசிகளுக்கென சில விளையாட்டுகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று கிரிக்கெட். என் அளவுகோலின்படி இதில் குறை உண்டு: பாடம் பந்தின்மேல் ஒட்டப்பட்டது, கிரிக்கெட் கிரிக்கெட்டாகவே இருந்தது. ஆனால் அளவுகோலை இங்கே சற்றுத் தளர்த்தத்தான் வேண்டும். துண்டுப் பிரசுரத்தைப் பேருந்து நிலையத்தில் பிரித்துப் படிக்கக் கூசுகிறவன், கைபேசியில் யாருக்கும் தெரியாமல் ஆடலாம்.

அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த 'ரீ-மிஷன்' இன்னும் ஆழமானது. புற்றுநோய் கண்ட இளைஞர்களுக்காக ஹோப்லேப் என்னும் அமைப்பு செய்தது. ராக்சி என்னும் நுண்ணிய இயந்திரப் பெண் நோயாளியின் உடலுக்குள் சென்று புற்றணுக்களைச் சுடுகிறாள். நோயாளி மருந்தைத் தவறவிட்டால் அவளுடைய ஆயுதம் தடுமாறும். மருத்துவர் நூறு முறை சொல்லும் அறிவுரை இங்கே விதியாகிவிட்டது. 13 முதல் 29 வயது வரையிலான 375 நோயாளிகளை 34 மருத்துவ மையங்களில் ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆடியவர்கள் மருந்தை ஒழுங்காக உட்கொண்டார்கள். நோயறிவும் தன்னம்பிக்கையும் கூடின. மன அழுத்தமோ வாழ்க்கைத் தரமோ மாறவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. அந்த நேர்மையினாலேயே இந்த ஆய்வின்மேல் எனக்கு மதிப்பு.

கல்கத்தாவின் லீனா கெஜ்ரிவால் 2016இல் வெளியிட்ட 'மிஸ்ஸிங்' என்னும் விளையாட்டும் இவ்வகைதான். கடத்தி விற்கப்பட்ட சிறுமியாக நாம் ஆட வேண்டும். வழிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பதுபோல் தோன்றும். தேர்வுகள் எவ்வளவு குறுகியவை என்பது போகப்போகத் தெரியும். ஆட்கடத்தல் குறித்து நான் கேட்ட எந்தச் சொற்பொழிவும் இதைச் செய்ததில்லை.

இத்தனையும் படித்தபின், பையனின் கேள்விக்குத் திரும்பினேன். கணினி விளையாட்டு செய்யும் திறமை என்னிடம் இல்லை. எங்கள் ஊரில் குறையாத பொருள் கோரைப்பாய். ஒரு பாயை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோட்டையையும் குளத்தையும் வரைந்தேன். புளியங்கொட்டைகள் படைகள். மாணவர்களை இரு குழுவாக்கி ஒன்றை வகுப்பிலும் மற்றொன்றைத் தாழ்வாரத்திலும் உட்கார வைத்தேன். ஆணைகள் சீட்டில் எழுதி என்னிடம் வர வேண்டும். பாயைப் பார்க்கும் உரிமை நடுவனான எனக்கு மட்டுமே.

லாலியின் சிக்கல் அவர்களுக்கு அன்றுதான் புரிந்தது. அன்றைய களத்தில் அவருக்குத் துணையென வந்திருந்த மராட்டியக் குதிரைப்படை போரில் பெரிதாகக் கலந்துகொள்ளவில்லை. அவருடைய ஐரோப்பியக் குதிரைவீரர்களே பாயச் சொன்னபோது முதலில் மறுத்தார்கள். பிரெஞ்சு இடது அணி அரணாகக் கொண்டிருந்த குளத்தருகே வெடிமருந்து வண்டியின்மேல் ஆங்கிலக் குண்டு விழுந்து அணி கலைந்தது. இவற்றையெல்லாம் தாயக்கட்டையின் விதிகளாக்கியிருந்தேன். "குதிரைப்படை ஏன் சார் வரல?" என்று தாழ்வாரத்திலிருந்து மூன்றுமுறை சீட்டு வந்தது. மறுமொழி எழுத எனக்கு அனுமதியில்லை.

தோற்ற லாலியின் கதை களத்தோடு முடியவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. 1766இல் பாரிசில் அவர் தலை வெட்டப்பட்டது. இதைச் சொன்னபோது பிரெஞ்சுக் குழுவில் சிரிப்பு நின்றுவிட்டது.

ஆட்டம் கலைந்தபின் ஒரு மாணவி மட்டும் பாயருகே நின்றாள். கோட்டைக்குத் தெற்கே வெறுமையாயிருந்த இடத்தைச் சுண்ணக்கட்டியால் நிரப்பி, "இது எங்க ஊர் ஐயா. படை இந்த வழியா வந்தா என்ன விதி?" என்று கேட்டாள். அடுத்த வாரம் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.