எச்.எச். 80–81 வாயு வெளிப்பாய்வு

எச்.எச். 80–81 என்பது, தூசும் வாயுவும் செறிந்த முகிலொன்றுக்குள் உருவாகிவரும் பெருந்திணிவு விண்மீன் இரு எதிர்த்திசைகளில் உமிழும் வாயுத் தாரையின் தென்பகுதியில் ஒளிரும் முடிச்சுகளைக் குறிக்கும். வடமுனையிலுள்ள முடிச்சு எச்.எச். 80 வடக்கு எனப்படுகிறது. இவ்விரு முனைகளுக்கும் இடைப்பட்ட நீளம் 10 ஒளியாண்டுகளுக்கும் மேற்பட்டது. இளம் விண்மீன்களின் தாரை சூழ்வாயுவில் மோதி ஒளிரச்செய்யும் இத்தகைய முடிச்சுகள், அவற்றை ஆராய்ந்த ஹேர்பிக், ஹாரோ ஆகிய வானியலாளர்களின் பெயரால் ஹேர்பிக்–ஹாரோ பொருள்கள் என வழங்குகின்றன.

இது தனு விண்மீன் குழுவின் திசையில், ஏறத்தாழ 4,500 முதல் 5,500 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. இலங்கையின் மன்னார்த் தீவு வட அகலாங்கு 9 பாகையை ஒட்டி அமைந்திருப்பதால், அங்கிருந்து நோக்குகையில் ஆடி, ஆவணி மாத முன்னிரவுகளில் இவ்வான்பகுதி தெற்கே அடிவானிலிருந்து ஏறத்தாழ 60 பாகை உயரம்வரை எழுகிறது. எனினும், தாரையின் ஊற்றாகிய விண்மீனைத் தூசு மறைப்பதால், அதனை அகச்சிவப்புக் கதிர்களாலும் வானொலி அலைகளாலுமே ஆராய முடிகிறது.

முகில் தன் ஈர்ப்பால் ஒடுங்கும்போது, சுழற்சியுடைய வாயு நேராக மையத்தில் விழாமல் விண்மீனைச் சுற்றித் திரளல் வட்டாகப் படிகிறது. வட்டினூடே செல்லும் காந்தப்புலம் வாயுவின் ஒரு பகுதியைச் சுழலச்சின் வழியே வெளியேற்றுகையில், அவ்வாயு கோண உந்தத்தையும், அதாவது சுழற்சியின் அளவையும், உடன் கொண்டுசெல்வதால் எஞ்சிய வாயு உள்நோக்கி நகர்ந்து விண்மீனைச் சேர்கிறது. மையத்தருகே விநாடிக்கு ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் வேகத்தில் பாயும் தாரை, சூழவுள்ள குளிர்ந்த முகிலையும் தள்ளிச்செல்கிறது. காபனோரொட்சைட்டு மூலக்கூறுகள் உமிழும் அலைகளைக் கொண்டு இப்பெயர்ச்சி அளக்கப்படுகிறது.

2010இல், இத்தாரையிலிருந்து வரும் வானொலி அலைகள் முனைவாக்கமுடையவை என, அதாவது அவற்றின் அதிர்வு குறித்த ஒரு திசையை மிகுதியும் சார்ந்தது எனக் கண்டறியப்பட்டது. ஒளியின் வேகத்தை நெருங்கும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் சுருண்டு செல்லும்போது பிறக்கும் சின்க்ரோட்ரான் கதிர்வீச்சின் அடையாளம் இதுவாகும். பின்னர், 45 மீற்றர் விட்டமுள்ள 30 அலைவாங்கிகளைக் கொண்ட, புனேக்கு அருகிலுள்ள மாபெரும் மீற்றரலை வானொலித் தொலைநோக்கியைப் பயன்படுத்தி, திருவனந்தபுரம் இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தின் சரிதா விக் முதலானோர் 2018இல் வெளியிட்ட ஆய்வு, தாழ் அதிர்வெண்களிலும் இக்கதிர்வீச்சை உறுதிப்படுத்தியது.

சூரியனைப் போல் எட்டு மடங்குக்கு மேற்பட்ட திணிவுடைய விண்மீன்களின் கதிர்வீச்சு அழுத்தம் விழும் வாயுவையே தடுக்கக்கூடும் என்பதால், அவை எவ்வாறு வளர்கின்றன என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. காந்தப்புலம் ஊடுருவிய ஒடுங்கிய தாரையொன்று இங்கு காணப்படுவது, சிறு விண்மீன்களைப் போலவே பெருந்திணிவு விண்மீன்களும் வட்டின் வழியே பிறக்கக்கூடும் என்பதற்கு வலுவான சான்றாகும்.