ரப்பர் விரிப்பை எடுத்து எறிந்தவர்கள்

டர்ன்டேபிள் வைத்திருக்கும் நாலு பேர் கூடிய இடத்தில் சண்டை மூட்ட வேண்டுமென்றால் ஒரே ஒரு கேள்வி போதும். தட்டைச் சுற்ற பெல்ட் நல்லதா, டைரக்ட் டிரைவ் நல்லதா? நான் டைரக்ட் டிரைவ் கட்சி. ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நடுநிலை வேஷம் போட வேண்டியதில்லை. ஆனால் இந்தச் சண்டையின் பழைய கதையைத் தோண்டத் தோண்ட, இது மோட்டாரைப் பற்றிய சண்டை மட்டும்தானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ஒரு மெஷின் எதற்கானது என்று யார் முடிவு செய்வது? செய்தவனா, காசு கொடுத்து வாங்கியவனா, கழற்றிப் பார்த்தவனா?

எல்பி ரெக்கார்ட் நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. இவ்வளவு மெதுவாக, தடுமாறாமல் சுற்றும் மோட்டார் அந்தக் காலத்தில் கிடையாது. வீட்டு மின்சாரத்தில் ஓடும் சாதாரண நான்கு துருவ மோட்டார் 50 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1500 சுற்று ஓடும். அதைக் குறைத்துத் தட்டுக்குக் கொண்டுவர இரண்டு வழி இருந்தது. ஒன்று, மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம். சைக்கிள் டயரில் டைனமோ உரசுமே, அதைத் திருப்பிப் போட்ட மாதிரி. இங்கிலாந்தின் கேரார்ட் கம்பெனி 1954இல் கொண்டுவந்த 301 இந்த வகை. நல்ல இழுவை, கூடவே மோட்டாரின் அதிர்வும் நேராகத் தட்டுக்கு வந்து சேரும். 1500 சுற்று என்றால் விநாடிக்கு 25. காதுக்கு எட்டும் எல்லையில் ஒரு உறுமல். இன்னொரு வழி பெல்ட், தையல் மிஷின் மாதிரி. 1961இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏஆர் டர்ன்டேபிள் இதை ஒழுங்காகச் செய்து காட்டியது. ரப்பர் பெல்ட் அதிர்வைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஆனால் பெல்ட் நீளும், தளரும், வழுக்கும். தையல் மிஷின் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம்.

ஒசாகாவில் மட்சுஷிதா கம்பெனியின் பொறியாளர் ஷூயிச்சி ஒபாத்தா வேறு மாதிரி யோசித்தார். வேகத்தைக் குறைக்க ஏன் இத்தனை பாடு? மோட்டாரையே அந்த வேகத்தில் ஓட வைத்தால் என்ன? டேபிள் ஃபேன் இறக்கை மாதிரி, மோட்டாரின் அச்சிலேயே தட்டு. அப்படிச் செய்தால் மோட்டாரின் அடிப்படைச் சுழற்சி விநாடிக்கு அரைச் சுற்றைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். காது கேட்கும் எல்லைக்கு வெகு கீழே. 1970இல் டெக்னிக்ஸ் என்ற பெயரில் எஸ்பி-10 வந்தது. உலகச் சந்தைக்கு வந்த முதல் டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் அதுதான்.

எஸ்பி-10ஐ வாங்கினால் மோட்டாரும் தட்டும்தான் கையில் வரும். டோன்ஆர்ம் கிடையாது, உட்கார வைக்கப் பெட்டி கிடையாது. மரத்தில் செய்வதா, கல்லில் செய்வதா, எந்த ஆர்ம் போடுவது, எல்லாம் வாங்குபவர் பாடு. ஆக டைரக்ட் டிரைவின் வரலாறு தொடங்கிய அன்றே அதை மாற்றி அமைப்பவர்களின் வரலாறும் தொடங்கிவிட்டது. பாதி முடித்த பொருளாகத்தான் அது கடைக்கே வந்தது.

அடுத்து எஸ்எல்-1100. 1972இல் எஸ்எல்-1200. இவை வீட்டுக்கு, ஆர்மோடு சேர்த்து, முழுசாக வந்தவை. கம்பெனி மனதில் வைத்திருந்த ஆள் சோபாவில் உட்கார்ந்து சிம்பொனி கேட்கும் மனிதர். வாங்கிய எல்லாரும் அப்படி இல்லை.

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க், பிராங்க்ஸ், 1520 செட்ஜ்விக் அவென்யூ. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொழுதுபோக்கு அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைக்கிறார், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க. பாட்டுப் போட்டது அவருடைய அண்ணன், ஜமைக்காவில் பிறந்த கிளைவ் கேம்ப்பெல். ஊர் அறிந்த பெயர் கூல் ஹெர்க். பாட்டில் பாடுபவர் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் வரும் இடத்தில்தான் கூட்டம் வெறியாக ஆடுகிறது என்று அவர் கவனித்திருந்தார். ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதி, இரண்டு டர்ன்டேபிள், அந்தச் சில விநாடியை மாற்றி மாற்றி ஓட்டி நிமிடக்கணக்கில் இழுத்தார். அவரிடம் இருந்தவை எஸ்எல்-1100. ஹிப்ஹாப் பிறந்த கதையை இந்த அறையிலிருந்துதான் எல்லாரும் தொடங்குகிறார்கள்.

எனக்கு ஹெர்க்கைவிட அவருக்கு அடுத்து வந்தவர் மேல்தான் பிரியம் அதிகம். ஜோசப் சாட்லர், பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். மேடைப் பெயர் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். தொழிற்கல்விப் பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்த பையன். சரியான இடத்தில் ரெக்கார்டைப் பிடிக்க வேண்டும், கீழே தட்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கையை எடுத்த நொடியில் பாட்டு முழு வேகத்தில் கிளம்ப வேண்டும். பெல்ட் வைத்த தட்டு இதற்குத் திணறும். இழுவை உள்ள மோட்டார் வேண்டும். ஆனால் நல்ல மோட்டார் கிடைத்தும் இன்னொன்று குறுக்கே நின்றது. தட்டின் மேல் கம்பெனியே போட்டுக் கொடுத்த ரப்பர் விரிப்பு. அது ரெக்கார்டைக் கவ்விப் பிடிக்கும். ஃப்ளாஷின் அம்மா தையல்காரர். வீட்டில் துணிக்குப் பஞ்சமில்லை. வட்டமாக ஃபெல்ட் துணி வெட்டி, கஞ்சி போட்டு இஸ்திரி செய்து விறைப்பாக்கி, ரப்பர் இருந்த இடத்தில் வைத்தார். ரெக்கார்ட் வழுக்கியது. இன்று உலகம் முழுக்க ஸ்லிப்மேட் என்று விற்பது இதுதான். ரெக்கார்டில் எந்த இடம் என்று தெரிய கிரேயானில் கோடு போட்டார். அடுத்த ரெக்கார்டை ஹெட்போனில் முன்கூட்டிக் கேட்க ஒரு சுவிட்சும் சொந்தமாகச் செய்தார்.

தட்டு மணி மாதிரி அதிராமல் இருக்கத்தான் பொறியாளர்கள் யோசித்து யோசித்து அந்த ரப்பரைப் போட்டார்கள். அதை எடுத்து எறிந்ததுதான் இந்த மெஷினுக்கு நடந்த மாற்றங்களிலேயே பெரியது என்பேன். செலவு ஒரு முழத் துணி.

1979இல் எஸ்எல்-1200 எம்கே2 வந்தபோது கம்பெனியும் டிஸ்கோக்களைக் கவனிக்கத் தொடங்கியிருந்தது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க, முன்பு குமிழ் இருந்த இடத்தில் நீளமான ஸ்லைடர், பிளஸ் மைனஸ் 8 சதவீதம். வேகத்தைக் காவல் காக்க ஒரு குவார்ட்ஸ் படிகம். தட்டின் அடியில் காந்தம், அதாவது தட்டே மோட்டாரின் பாதி. 0.7 விநாடியில் முழு வேகம். அடியில் கனத்த ரப்பர், மொத்தம் 12 கிலோவுக்கு மேல் எடை. பக்கத்தில் ஸ்பீக்கர் அலறினாலும் ஊசி அசையாது. வேகத் தடுமாற்றம் 0.025 சதவீதம். 3150 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியில் இது ஒரு ஹெர்ட்ஸுக்கும் குறைவான ஆட்டம்.

இத்தனை இருந்தும் இங்கிலாந்தின் ஆடியோ உலகம் இதைச் சீண்டவில்லை. அங்கே ராஜா கிளாஸ்கோவின் லின் எல்பி12, பெல்ட் டிரைவ். 1980களில் அந்த நாட்டு ஆடியோ பத்திரிகைகளைப் படித்து வளர்ந்தவர்களுக்கு டைரக்ட் டிரைவ் என்றாலே ஜப்பான்காரன் தள்ளிவிடும் பொருள், டிஸ்கோ சாமான். சொன்ன காரணங்களில் உண்மையும் இருந்தது. இரும்பு உள்ளகம் கொண்ட மோட்டாரில் காந்தம் ஒவ்வொரு துருவத்தைத் தாண்டும்போதும் ஒரு சின்ன வெட்டு விழும். குவார்ட்ஸ் கட்டுப்பாடு வேகத்தைத் திருத்திக்கொண்டே இருப்பதால் ஒலி சோர்வாக இருக்கிறது என்றார்கள். முதலாவது இயற்பியல், ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் பாதிதான் காது, மீதி மனசு. இரவு விடுதியில் வியர்வை சொட்டச் சொட்ட ஓடும் மெஷினில் பீத்தோவன் சரியாகக் கேட்காது என்ற நினைப்பு எந்த மீட்டரிலும் தெரியாது.

1982இல் சிடி வந்தது. சில ஆண்டுகளில் சோபா மனிதர்கள் ரெக்கார்டுகளை மூட்டை கட்டினார்கள். ஜப்பானில் டர்ன்டேபிள் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக இழுத்து மூடின. 1200 மட்டும் ஓடியது, டிஜேக்கள் வாங்கிக்கொண்டே இருந்ததால். கடைசிக் கணக்கில் இந்த வரிசையில் சுமார் 35 லட்சம் விற்றிருக்கிறது. அதனால்தான் பிற்பாடு ரெக்கார்டின் பக்கம் திரும்பிய ஆடியோ ரசிகர்களுக்கு, மலிவாகவும் உதிரிபாகத்தோடும், இப்படி ஒரு மோட்டார் கிடைத்தது. ‘டிஸ்கோ சாமான்’ என்று ஒதுக்கிய கூட்டத்தில் பலர் இப்போது ஸ்குரூ டிரைவரோடு வந்தார்கள்.

இவர்கள் செய்த மாற்றங்கள் டிஜேக்கள் செய்ததற்கு நேர் எதிர்த் திசை. டிஜே ஸ்லைடரின் நடுவே விழும் ‘கிளிக்’கை எடுக்கச் சொல்வார், அது பூஜ்யத்தின் அருகே நுணுக்கமாக வேகம் வைக்க விடாது. ரசிகருக்கு ஸ்லைடரே வேண்டாம். டிஜே எடுத்து எறிந்த கனமான விரிப்பை இவர் தேடித் தேடிப் போட்டார். ஆர்முக்குள் போகும் மெல்லிய ஒயரை மாற்றினார். பெட்டியோடு ஒட்டிப் பிறந்த சிக்னல் ஒயரை வெட்டி சாக்கெட் வைத்தார். அமெரிக்காவின் கேஏபி கம்பெனி ஆர்முக்கு ஒரு சிலிகான் எண்ணெய்த் தொட்டி விற்றது. நெளிந்த ரெக்கார்டில் ஆர்ம் குதிப்பதை அந்த எண்ணெய் அடக்கும். சிலர் ஆர்மையே கழற்றிவிட்டு ரேகா ஆர்ம், எஸ்எம்இ ஆர்ம் என்று மாட்டினார்கள்.

என்னிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு எம்கே2. அதன் டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்குள்ளேயே தட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது 100 ஹெர்ட்ஸில் மெதுவாக அதிரும், காந்தப் புலத்தையும் பரப்பும். ஷீல்டு இல்லாத சில கார்ட்ரிட்ஜ்கள் அதைப் பிடித்து ‘ஹம்’ போடும். அதை வெளியே எடுக்கலாம் என்று ரிச்சி தெருவில் ஒரு பழைய ஆடியோ மெக்கானிக்கிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

“நல்லா ஓடுற மெஷினை எதுக்குத் தம்பி கழட்டச் சொல்றீங்க?”

“ஹம் வருதுண்ணே.”

தட்டைத் தூக்கினார். அடியிலிருந்த காந்தத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. “பெல்ட்டே கிடையாதா? தட்டுதான் மோட்டாரா?” என்றார். பிறகு டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, டிசி மட்டும் உள்ளே போகும்படி செய்து கொடுத்தார். அரை நாள் வேலை. வேறெதையும் மாற்றட்டுமா என்று நான் கேட்டபோது, “வேணாம் தம்பி, செஞ்சவன் தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான்” என்று மூடியை மாட்டிவிட்டார்.

ஹம் போனது. பின்னணி இன்னும் அமைதியானதா என்று கேட்டால், ஆனது என்பேன். ஆனால் இந்த மெஷினில் கார்ட்ரிட்ஜை மாற்றினால் வரும் வித்தியாசத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது. மெஷின் விலையைப் போல மூன்று மடங்கை மாற்றங்களில் கொட்டுபவர்களைப் பார்க்கிறேன். மோட்டாரும் தட்டும் தவிர எல்லாமே புதிது. அதையும் ‘1200’ என்றுதான் சொல்கிறார்கள். எஸ்பி-10ஐ வாங்கிப் போய் மரப்பெட்டி செய்தவர்களின் வேலைக்கே சுற்றி வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று தோன்றும்.

2010இல் கம்பெனி 1200ஐ நிறுத்தியது. 2016இல் டெக்னிக்ஸ் அதைத் திரும்பக் கொண்டுவந்தபோது தலைமையில் இருந்தவர் மிச்சிகோ ஒகாவா, பொறியாளர், ஜாஸ் பியானோ கலைஞரும்கூட. முதலில் வந்தது 1200 பிரதிகள் மட்டுமே கொண்ட சிறப்புப் பதிப்பு, விலை 4000 டாலர். மோட்டாரில் இரும்பு உள்ளகத்தை எடுத்துவிட்டார்கள், அந்தப் பழைய வெட்டுப் புகாருக்குப் பதிலாக. சிக்னல் ஒயருக்கு சாக்கெட்டும் வைத்தார்கள், ரசிகர்கள் வெட்டி வெட்டி ஒட்டிய அதே இடத்தில். மெஷினை இத்தனை காலம் உயிரோடு வைத்திருந்த டிஜேக்கள் விலையைப் பார்த்துக் கொதித்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் விலையில் எம்கே7 வர 2019 ஆனது. அதிலும் இரும்பு உள்ளகம் இல்லாத மோட்டார், சாக்கெட். கூடவே தட்டைப் பின்னோக்கிச் சுற்ற வைக்கும் வசதி. சோபாவில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை.