அவனோட லிங்க் இருக்கு, என்னோடது ஏன் இல்லை?

சுவரில் 'விளம்பரம் செய்யாதீர்' என்று எழுதியிருந்தால் அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். எழுத்தின் மேலேயே போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவிலும் அப்படி ஒரு எழுத்து உண்டு. வாசகர் கண்ணுக்கு அது தெரியாது. தொகுப்பதற்கான பொத்தானை அழுத்தி உள்ளே போகிறவருக்கு மட்டும் தெரிகிற மறைகுறிப்பு. இது இணைப்புகளைச் சேர்த்து வைக்கும் இடம் இல்லை, விளம்பரத்துக்கான இடமும் இல்லை, சேர்த்தே ஆகவேண்டும் என்றால் முதலில் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள் என்கிற பொருளில் நாலைந்து வரி. எல்லாக் கட்டுரையிலும் இது இருக்காது. அடிபட்டு அடிபட்டுச் சலித்துப்போன கட்டுரைகளில்தான் இருக்கும். உலாவி விளையாட்டுகளைப் பற்றிய பக்கங்கள் அந்த வகை.

உலாவி விளையாட்டு என்றால் தனியாக எதையும் நிறுவாமல் பிரவுசரிலேயே ஆடுவது. 1999 நவம்பரில் பிரிட்டனைச் சேர்ந்த ஆடம் பவல், டோனா வில்லியம்ஸ் இருவரும் நியோபெட்ஸைத் தொடங்கினார்கள். 2001 ஜனவரியில் ரூன்ஸ்கேப் வந்தது. அதே மாதம் 15ஆம் தேதிதான் விக்கிப்பீடியாவும் பிறந்தது. 2002இல் ஜெர்மனியிலிருந்து ஓகேம், 2003இல் கிங்டம் ஆஃப் லோத்திங், 2004இல் ட்ராவியன். இவை பெயர் பெற்றவை. இவற்றைப் பார்த்து, 'இதை நானும் செய்யலாமே' என்று கிளம்பியவர்கள்தான் இந்தக் கதையின் நாயகர்கள். வில்லன்கள் என்றும் சொல்லலாம். யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

அந்தக் காலத்தில் ஒரு உலாவி விளையாட்டைச் செய்யப் பெரிய ஸ்டுடியோ வேண்டாம். கொஞ்சம் பி.எச்.பி., ஒரு தரவுத்தளம், மலிவான சர்வர், நிறைய இரவுகள். படம்கூட வேண்டாம், அட்டவணைகளும் எண்களும் போதும். சிக்கல் அதற்கப்புறம்தான் வரும். நூறு பேர் சேர்ந்து போர் புரியவேண்டிய விளையாட்டில் மூன்று பேர் இருந்தால் அது விளையாட்டே இல்லை, காலி மைதானம். புதிதாக வருபவர் காலி மைதானத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார். ஆள் இல்லாததால் ஆள் வராது. விளம்பரத்துக்குக் காசும் கிடையாது. நாவல் எழுதியவருக்கு ஒரே ஒரு வாசகர் கிடைத்தாலும் நாவல் நாவல்தான். இந்த விளையாட்டுக்கு அந்தச் சலுகைகூட இல்லை.

எனவே இலவசமாகப் பெயரை எழுதக்கூடிய சுவர் எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று தலையிலேயே எழுதி வைத்திருந்த சுவர் ஒன்று இருந்தது.

அந்தச் சுவருக்கு இன்னொரு மவுசும் உண்டு. 1998இல் ஸ்டான்ஃபோர்டில் லாரி பேஜும் செர்கேய் பிரின்னும் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறைப்படி, ஒரு பக்கம் இன்னொரு பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பு ஓர் ஓட்டு மாதிரி. மதிப்பு மிக்க பக்கம் போடும் ஓட்டுக்கு மதிப்பு அதிகம். கூகுள் இதன்மேல்தான் கட்டப்பட்டது. ஆக, விக்கிப்பீடியாவில் ஒரு வரி இருந்தால் இரண்டு லாபம். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் சொடுக்கி வருவார். கூகுள் தேடலிலும் ஏணியில் ஏறலாம்.

வந்தவர்கள் ஒரே ரகம் இல்லை. விளையாட்டைச் செய்தவரே வருவார். அவரை அடையாளம் காண்பது சுலபம், வர்ணனையில் 'தனித்துவமான', 'விறுவிறுப்பான' எல்லாம் இருக்கும். ஆட்டக்காரர்களும் வருவார்கள். ஆள் சேர்த்துவிட்டால் ஆட்டத்துக்குள் பொன்னோ படையோ தருகிற விளையாட்டுகள் இருந்தன. அவர்கள் வைக்கும் இணைப்பின் வாலில் அவர்களுடைய கணக்கு எண் தொங்கும். மூன்றாவது ரகம் தேடுபொறி வியாபாரிகள். அவர்களுக்கு விளையாட்டும் ஒன்றுதான், விட்டமின் மாத்திரையும் ஒன்றுதான்.

எதிர்ப்பக்கத்தில் சம்பளமில்லாத சிலர். கவனிப்புப் பட்டியலில் இந்தக் கட்டுரையைச் சேர்த்து வைத்திருப்பார்கள். யாராவது கை வைத்தால் தெரியும். போய்ப் பார்ப்பார்கள், நீக்குவார்கள், சுருக்கக் குறிப்பில் 'ஸ்பேம்' என்று எழுதிவிட்டுப் போவார்கள். அடுத்த நாள் அதே வரி திரும்ப வந்திருக்கும். இதில் சாகசம் ஒன்றும் இல்லை. வாசல் தெளிக்கிற வேலை மாதிரி, செய்தால் தெரியாது, செய்யாவிட்டால் தெரியும்.

அவர்களை உண்மையில் திணறடித்தது ஸ்பேம் இல்லை, ஒரு கேள்வி. நீக்கப்பட்டவர் உரையாடல் பக்கத்துக்கு வந்து கேட்பார்: அவனோட லிங்க் இருக்கு, என்னோடது ஏன் இல்லை? நியாயமான கேள்விதானே. ஒரு விளையாட்டை உதாரணமாக வைத்துவிட்டால், உதாரணம் எங்கே முடிகிறது, விளம்பரம் எங்கே தொடங்குகிறது? பத்து பேர் ஆடுவதை நீக்கலாம். பத்தாயிரம் பேர் ஆடுவதை? அதை யார் எண்ணினார்கள்? விளையாட்டின் சொந்தத் தளம் சொல்லும் எண்ணிக்கையை நம்பலாமா?

முதலில் கண்டுபிடித்த வழி, பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிடுவது. 1998இல் தொடங்கி நெட்ஸ்கேப்பின் கைக்குப் போன திறந்த அடைவுத் திட்டம் ஒன்று இருந்தது, சுருக்கமாக டிமாஸ். மனிதர்களே இணையதளங்களை வகை பிரித்து அடுக்கிய பெரிய அடைவு. விக்கிப்பீடியாவின் அந்த மறைகுறிப்பே, உங்கள் தளத்தை அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று கை காட்டும். கட்டுரையில் டிமாஸின் அந்தப் பிரிவுக்கு ஒரே ஒரு இணைப்பு. இருபது வரிக்குப் பதில் ஒரு வரி. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் டிமாஸின் வாசலிலும் தன்னார்வலர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் வரிசை.

பிறகு தொழில்நுட்பம் வந்தது. 2005 ஜனவரியில் வலைப்பதிவுப் பின்னூட்ட ஸ்பேமைத் தடுக்க கூகுள் 'நோஃபாலோ' என்றொரு குறியை அறிவித்தது. யாகூவும் எம்.எஸ்.என்.னும் சேர்ந்துகொண்டன. அந்தக் குறி உள்ள இணைப்பு ஓட்டாக எண்ணப்படாது. ஆங்கில விக்கிப்பீடியா அதைப் போட்டுப் பார்த்தது, பிறகு கட்டுரைகளிலிருந்து எடுத்துவிட்டது. நாங்கள் ஆராய்ந்து வைத்த நல்ல இணைப்புகளுக்கும் ஓட்டு இல்லையென்றால் எப்படி என்று தொகுப்பாளர்களில் கணிசமானவர்கள் கேட்டார்கள். ஒரு நல்ல தளத்தைச் சுட்டுவதும் அறிவை வளர்ப்பதுதானே என்ற அந்த வாதம் எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் நிலைக்கவில்லை. தேடுபொறிக்காரர்கள் நடத்திய ஒரு போட்டியில் விக்கிப்பீடியா இலக்காகிவிட, 2007 ஜனவரியில் ஜிம்மி வேல்ஸ் கேட்டுக்கொண்டபடி நோஃபாலோ திரும்பி வந்தது. அறிவித்தவர் அப்போதைய தலைமைத் தொழில்நுட்பர் பிரையன் விப்பர்.

ஸ்பேம் நின்றுவிட்டதா? வியாபாரிகளுக்கு ஆர்வம் கொஞ்சம் குறைந்திருக்கலாம். விளையாட்டுக்காரர்களுக்குக் குறைய வழியே இல்லை. அவர்கள் கூகுளுக்காக வரவில்லை, ஆளுக்காக வந்தார்கள். உலாவி விளையாட்டுப் பக்கத்தைப் படிக்கிறவரைவிட நல்ல வாடிக்கையாளர் யார்? சொடுக்க ஒரு விரல் போதும், நோஃபாலோ விரலைத் தடுக்காது.

கூடவே மெட்டா விக்கியில் கறுப்புப் பட்டியல் ஒன்று வளர்ந்தது. அதில் ஒரு தளத்தின் முகவரி ஏறிவிட்டால் அந்த முகவரியோடு எந்தப் பக்கத்தையும் சேமிக்கவே முடியாது. எக்ஸ்லிங்க்பாட் என்ற தானியங்கி, புதியவர்களும் கணக்கில்லாதவர்களும் வைக்கும் சந்தேகத்துக்குரிய இணைப்புகளை நீக்கிவிட்டுப் பணிவாக ஒரு செய்தியும் விட்டுப்போகும். ஆனால் கறுப்புப் பட்டியல் இருபுறமும் வெட்டும். எதிரியின் தளத்தைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமா? எதிரியின் இணைப்பை நீயே போய் நாற்பது இடத்தில் ஒட்டு. எனவே பட்டியலைப் பராமரிப்பவர், யார் ஒட்டினார் என்பதோடு, ஒட்டியவர் உண்மையில் யாருடைய ஆள் என்றும் யோசிக்க வேண்டியிருந்தது. ஓகேமில் கூட்டணிகளுக்குள் நடக்கிற துரோகங்களுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை இது.

கடைசியில் பட்டியல்களுக்கு ஒரு விதி நிலைத்தது. விக்கிப்பீடியாவில் தனிக்கட்டுரை உள்ள விளையாட்டுக்கு மட்டுமே பட்டியலில் இடம். வெளி இணைப்பு கிடையாது, உள் இணைப்பு மட்டும். சிவப்பாக இருந்தால் நீக்கு, நீலமாக இருந்தால் விடு. 'என்னோடது ஏன் இல்லை' என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: உனக்குக் கட்டுரை இல்லை.

சரி என்று அவர்கள் கட்டுரை எழுத ஆரம்பித்தார்கள்.

இது விளையாட்டுகளோடு நின்ற தலைவலி இல்லை. 2006 மார்ச் 1ஆம் தேதி பத்து லட்சமாவது கட்டுரையைத் தொட்ட ஆங்கில விக்கிப்பீடியாவில் நிறுவனங்களின் சுயபுராணங்கள் பெருகிக் கிடந்தன. அந்த ஆண்டு செப்டம்பர் கடைசியில் விக்கிமீடியா அறக்கட்டளையின் சட்ட ஆலோசகர் பிராட் பாட்ரிக், இவற்றைத் தயங்காமல் நீக்குங்கள் என்று தொகுப்பாளர்களுக்கு எழுதினார். அப்பட்டமான விளம்பரம் விரைவு நீக்கத்துக்கான காரணங்களில் ஒன்றானது. மற்றவற்றுக்கு 'குறிப்பிடத்தக்கமை' என்ற அளவுகோல்: சார்பில்லாத, நம்பகமான வெளியீடுகள் இந்த விளையாட்டைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒருவர் தன் அறையிலிருந்து நடத்திய எழுத்து விளையாட்டைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதும்? 1996இல் தொடங்கிய 'த்ரெஷோல்ட்' என்ற இணைய எழுத்து விளையாட்டின் கட்டுரையை 2009 ஜனவரியில் நீக்கியபோது பெரிய சண்டையே நடந்தது. 'அல்டிமா ஆன்லைன்' வடிவமைப்பாளர் ராஃப் கோஸ்டர்கூடப் பேச வந்தார். இந்த விளையாட்டுகளின் வரலாறு அச்சில் இல்லை, மன்றங்களிலும் ஆடியவர்களின் நினைவிலும் இருக்கிறது. அச்சில் இருப்பதை மட்டும் ஏற்பேன் என்றால் இந்த வரலாறு கரைந்துபோகும் என்பதுதான் அந்தப் பக்கத்தின் கவலை. எதிர்ப்பக்கத்தின் பதிலும் லேசானதில்லை. நினைவைச் சான்றாக ஏற்றால், நாளைக்கு வருகிற ஒவ்வொரு விளம்பரக்காரரும் நினைவோடுதான் வருவார்.

தொகுப்பாளர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் காவல் காக்காமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தில் உலாவி விளையாட்டு என்றால் என்ன என்கிற பத்தியையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்திருக்கும். ஆனால் அவர்கள் கை காட்டிய டிமாஸ் 2017 மார்ச் மாதம் மூடப்பட்டுவிட்டது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியதில் ஒரு தலைமுறையின் விளையாட்டுகள் மொத்தமாக நின்றன. பெயர் பெற்றவற்றைக் காப்பாற்றச் சிலர் முன்வந்தார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் ஒரு முன்மாதிரி இயந்திரத்தை வைத்துப் பலவற்றை மறுபடி ஓடவைத்தது. ஃப்ளாஷ் ஒரு கோப்பு, எடுத்து வைத்துக்கொள்ளலாம். பி.எச்.பி. விளையாட்டு அப்படி இல்லை. அது சர்வரில் ஓடியது. வாடகை கட்டாமல் சர்வர் நின்றால் ஆட்டம், எண்கள், கூட்டணிகள் எல்லாம் போச்சு.

மிஞ்சியது எங்கே என்று தேடினால் ஓர் இடம் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் ஒரு வரியை நீக்கினால் அது கட்டுரையிலிருந்துதான் போகும். பக்கத்தின் வரலாற்றில், அந்தந்தத் திருத்தத்தில், அப்படியே இருக்கும். 'வரலாறு' பொத்தானை அழுத்திப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருங்கள். சேர்த்தல், நீக்கல், சேர்த்தல், நீக்கல். ஒவ்வொரு சேர்த்தலிலும் ஒரு விளையாட்டின் பெயர், முகவரி, இரண்டு வரி பீற்றல், தேதி, நேரம். அடுத்த வரியில் அதை நீக்கியவரின் குறிப்பு, 'ஸ்பேம்'. சில முகவரிகளைச் சொடுக்கினால் ஒன்றும் வராது. சிலவற்றில் பெயரை விலைக்குக் கொடுப்பதாகப் போட்டிருக்கும்.